மருந்தில்லாத ஊசி

"மூச்ச விடுங்க டீச்சர், பிடிச்சு வச்சுக்காதீங்க" என்கிறாள் பெனிட்டா. விடுகிறேன். விட்டேனா என்று எனக்கே சந்தேகம், நாற்பது பிள்ளைகளை அடக்கி வைத்துப் பழகியவளுக்கு மூச்சையும் அடக்கத்தான் தெரிகிறது. இடது பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறேன், மேல் காலை மடக்கித் தலையணை மேல் வைத்தாயிற்று, இடுப்புக்குக் கீழே ஒரு பச்சைத் துணி, துணிக்கு அந்தப் பக்கம் பெனிட்டா, இந்தப் பக்கம் சுவர். சுவரில் ஓர் ஆணி. படம் எதுவும் மாட்டாத வெறும் ஆணி, வந்த நாளிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு படுக்கிறேன், அது இல்லாவிட்டால் எதைப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. சுருக்கென்று ஒன்று. அப்புறம் இன்னொன்று, தொடைக்கு உள்பக்கம். இது மருந்தில்லாத ஊசி. முடியைவிடக் கொஞ்சம் தடிமன், உள்ளே துளையும் கிடையாது, மருந்தும் கிடையாது. இறுகிப்போன தசையில் முடிச்சு விழுந்த இடத்தைத் தேடிக் குத்தினால் அது ஒருமுறை துள்ளி அடங்குமாம், அடங்கினால் தசை தளருமாம், தளர்ந்தால் வலி குறையுமாம். குறையுமா என்றுதான் இந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. எங்களில் பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்கு முனை மழுங்கிய பொய் ஊசி, குத்துகிற மாதிரி இருக்கும், உள்ளே போகாது. யாருக்கு எது என்று பிரித்தது கம்ப்யூட்டர், தெரிந்தவள் பெனிட்டா ஒருத்தி, அவள் வாயைத் திறக்கக்கூடாது. வலியைச் சோதிக்கும் டாக்டர் சுபாஷிணிக்கும் தெரியாது. எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மற்றவர்களுக்கு இது விளங்கியதோ என்னவோ, எனக்குச் சொன்ன மாத்திரத்தில் விளங்கிவிட்டது. பத்தாம் வகுப்பு கணக்குப் பேப்பர் திருத்தப் போகிறவள் நான், விடைத்தாளில் பெயர் இருக்காது, டம்மி நம்பர்தான் இருக்கும், எந்தப் பிள்ளை எந்த ஊர் என்று தெரிந்தால் கை தானாகக் கூட்டிப் போடும் என்பதால் அப்படி. பெனிட்டாவின் முகத்தைப் படிக்க நானும் பார்த்துவிட்டேன், பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் என் முகத்தைப் படிப்பது போல. ஒன்றும் தேறவில்லை. கெட்டிக்காரப் பெண். இன்றோடு ஊசி முடிகிறது. ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் டாக்டர் சுபாஷிணி சோதிப்பார், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் கேட்பார், அந்த எண்ணைச் சொல்லப்போவது என் வாய்தான், அந்த வாயைத்தான் நான் நம்பவில்லை.

அது பரவாயில்லை என்று சொல்லிப் பழகிய வாய். சோறு குழைந்தால் பரவாயில்லை, சம்பளம் தள்ளிப் போனால் பரவாயில்லை, பிரசவ வார்டில்கூட நர்ஸ் கேட்டபோது பரவாயில்லை சிஸ்டர் என்றவளாம் நான், திருஞானம் இன்னும் சொல்லிச் சிரிப்பார், என் வீட்டுக்காரர். முதல் சோதனையன்று டாக்டர் சுபாஷிணி பஞ்சு சுற்றிய ஒரு குச்சியால், பிள்ளை பிறந்த அந்த இடத்தைச் சுற்றி மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தார். அதைக் கடிகாரம் மாதிரி வைத்துக்கொள்வார்களாம், மேலே பன்னிரண்டு மணி, கீழே ஆறு மணி. பஞ்சுதான், காது குடைகிற பஞ்சு, அது ஆறு மணியைத் தொட்டபோது அடுப்பில் காய்ந்த கரண்டியை வைத்த மாதிரி இருந்தது, என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போகிறது, "எவ்வளவு டீச்சர்?" என்கிறார், "பரவாயில்ல டாக்டர்" என்கிறேன். "கண்ணு வேற சொல்லுதே. நம்பர் சொல்லுங்க." "ஒன்பது" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவோ வருஷம் ஆகியிருக்கிறது. அதற்கு முன்னால் பார்த்தவர்கள் யாரும் எண்ணைக் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, புண் இல்லை, வீக்கம் இல்லை, எல்லாம் நார்மல் என்பார்கள். அந்த நார்மல் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தேடும்போது அழுகை வரும். ஓர் அம்மா, அவரும் டாக்டர்தான், "பொண்ணு காலேஜ் போற வயசுல உங்களுக்கு என்னம்மா இதெல்லாம்" என்றார். இதெல்லாம் என்றால் எதெல்லாம் என்று கேட்டிருக்க வேண்டும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மா சொன்னதில்லை. களிம்பு, மாத்திரை, மறுபடி களிம்பு. மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னவர் ஒருவர். மனசு லேசாகத்தான் இருந்தது சார், உட்காரத்தான் முடியவில்லை. வெளியே கேட்பவர்களுக்கு இடுப்பு வலி என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டேன், ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குக் கொள்ளு ரசம் சொன்னார்கள், குடித்தேன். பெனிட்டா இப்போது துணியை இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறாள், "டீச்சர், இது கொஞ்சம் ஆழமா இருக்கும், துள்ளுனா பயந்துராதீங்க." பயப்படவில்லை. பயம்தான். ஆணியைப் பார்.

துள்ளியது. துள்ளியதா, இல்லை நான்தான் துள்ளினேனா. பொய் ஊசிக்குத் துள்ளுமா. துள்ளும் என்று அவள் சொன்னதாலேயே துள்ளலாம், பேய் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் புளியமரம் அசைகிற மாதிரி. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினால் வயிற்றுக்கடியில் ஒரு துள்ளல் வருமே, அது மாதிரி இருந்தது, அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என் உடம்புக்கு நினைவிருக்கிற நல்ல துள்ளல் எல்லாம் அந்த வண்டியில் வந்ததுதான். கல்யாணமாகி பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது திருஞானம் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், கறுப்பு ஸ்ப்ளெண்டர் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார், மாமியாருக்கு அதில் ஒரே ஒரு சட்டம். "சுடிதார் போட்டுக்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வண்டியில ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரக்கூடாது, நம்ம வீட்டுல வழக்கமில்ல." வழக்கமில்லை என்றால் வழக்கமில்லை. வாசலில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, துப்பட்டாவை மடியில் வைத்து, அடக்க ஒடுக்கமாகக் கிளம்புவேன், தெருவே பார்க்கும். பொன்மலை முடிந்து ஜி கார்னர் வந்ததும் இவர் வண்டியை ஓரம் கட்டுவார். இறங்கிக் குனிந்து பின் டயரைக் கட்டை விரலால் அமுக்குவார், "காத்து கம்மியா இருக்கு போல" என்பார், யாருக்காகச் சொல்வாரோ, அங்கே லாரிகளைத் தவிர யாரும் இல்லை. நான் இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஏறி உட்காருவேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு காவேரிப் பாலம் என்ன, முக்கொம்பு என்ன, ஒருமுறை அப்படியே கல்லணை வரை போனோம். காற்று முகத்தில் அடிக்கும், இவர் முதுகில் சோப்பும் ஒர்க்‌ஷாப் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை இருக்கும், எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அந்த எண்ணெய் போகாது, போகவேண்டாம் என்று நான் நினைத்துக்கொள்வேன். திரும்பி வரும்போது மறுபடி அதே ஜி கார்னர், மறுபடி டயரில் காற்று கம்மி, மறுபடி ஒரு பக்கம். எந்தச் சந்தேகமும் வராத மருமகளாக வீட்டு வாசலில் இறங்குவேன். அப்போது எனக்கு உட்காருவது என்று ஒரு காரியம் இருப்பதே தெரியாது. நிற்பவள் உட்கார்வாள், உட்கார்ந்தவள் எழுவாள், இதில் என்ன இருக்கிறது. அந்தத் தெரியாமைதான் சுகம், அது போன பிறகுதான் அதற்குச் சுகம் என்று பெயர் இருப்பதே தெரிந்தது.

"வலிக்குதா டீச்சர்" என்று பெனிட்டா கேட்கமாட்டாள், கேட்கக்கூடாது, அது டாக்டர் சுபாஷிணியின் வேலை, அதனால் "ஏசி அதிகமா இருக்கா" என்கிறாள். இல்லம்மா. அத்தைக்கு, மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அத்தைக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்மலைச் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். நாங்கள் அப்போது இருந்தது ஒற்றை அறையும் சமையல்கட்டும், ராத்திரி தலை மாட்டில் அத்தை, சுவருக்கு அந்தப் பக்கம் இருமல், எதற்கும் இடமில்லை, அதனால் எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடந்தது, ஒர்க்‌ஷாப் சங்கு ஊதாத காலை, ஜன்னல் கம்பி வழியாகக் கட்டிலில் வெயில் கட்டம் கட்டமாக விழும். ஆசை அறுபது நாள் மோகம் முப்பது நாள் என்பார்கள், எங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவே இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இந்த ஆணியிடம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பொம்பளை இதைச் சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அத்தை சந்தையிலிருந்து திரும்பும்போது நேராக வீட்டுக்குள் வரமாட்டார். கேட்டில் நின்றுகொண்டு எதிர் வீட்டு ரெஜினா அம்மாவிடம், "முருங்கைக்கா என்ன விலை விக்கிறான் தெரியுமா" என்று ஊருக்கே கேட்கிற குரலில் ஆரம்பிப்பார். கத்தரிக்காய், சேப்பங்கிழங்கு, கருவாடு என்று ஒவ்வொன்றாக விலை சொல்லி முடிப்பதற்குள் நான் தலை முடிந்து, அடுப்பைப் பற்ற வைத்து, உலையில் அரிசிகூடப் போட்டிருப்பேன். கருவாடு எங்கள் வீட்டில் சமைப்பதே இல்லை. சைவ வீட்டில் கருவாட்டு விலை எதற்கு என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அத்தை போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் கழித்து, ஊசிக்குக் காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும்போது உறைக்கிறது, சிரிப்பு வருகிறது. "சிரிக்காதீங்க டீச்சர், ஊசி இருக்கு" என்கிறாள் பெனிட்டா. சரி சரி.

எப்போது ஆரம்பித்தது என்று எல்லா டாக்டரும் கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகள் ஐந்தாவது படிக்கும்போது, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஓர் எரிச்சல், வெயிலில் சூடாகிய நாற்காலி என்று நினைத்தேன். அந்த நாற்காலியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. முதலில் எரிச்சல், பிறகு காந்தல், பிறகு தொட்டாலே வெட்டுகிற மாதிரி, உடுத்துவது, நடப்பது, ஒன்றுக்குப் போவது எல்லாவற்றிலும் அது வந்து கூட உட்கார்ந்துகொண்டது. உட்காராமலே வகுப்பெடுத்தேன், உட்காராமலே பேப்பர் திருத்தினேன், திருத்தும் முகாமில் ஜன்னல் திண்டின் மேல் விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நிற்பேன், மற்றவர்கள் முதுகில் கைவைத்து நெளிவார்கள், "மங்கையர்க்கரசி டீச்சருக்கு இரும்புக் காலு" என்பார்கள். ஓர் ஆசிரியர் தினத்தன்று தலைமையாசிரியை மைக்கில், "வகுப்பறையில் நாற்காலியைத் தொடாத ஒரே ஆசிரியை" என்று புகழ்ந்து பொன்னாடை போர்த்தினார், மேடையில் என்னை உட்காரச் சொன்னார், நான் நின்றேன், கைதட்டல் இன்னும் கூடிவிட்டது. சிரிக்கவா அழவா. அந்தப் பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தேன், கடைசியில் ட்யூப்புக்கு உறையாக ஆயிற்று. ட்யூப் திருஞானம் செய்தது. ஒரு நாள் பழைய ஸ்கூட்டர் ட்யூப்பைக் கொண்டு வந்தார், பாதிக் காற்று அடித்தார், உட்கார்ந்து பார் என்றார், காற்றைக் கொஞ்சம் இறக்கினார், மறுபடி பார் என்றார், நடுவில் பள்ளம் இருப்பதால் அந்த இடம் எதிலும் படாது, ஃபிட்டர் மூளை. கடையில் இந்த மாதிரி மெத்தை விற்கிறதாம், எனக்கு வேண்டாம். அவர் வாயால் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை, அதற்குப் பதில் காற்று அடித்தார். ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தில் வரும்போது "வலிக்குதா" என்பார், நான் "பரவாயில்ல" என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற பரவாயில்லை, அவருக்கும் அது கேட்டிருக்கிறது. சில நாள் கழித்து, "என் குறட்டையில உனக்குத் தூக்கம் கெடுது" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார். அவருக்குக் குறட்டையே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, ஒரு சண்டையும் இல்லை, ஒரு குறையும் இல்லை, பார்க்கிறவர்கள் பொறாமைப்படுகிற குடும்பம். வந்து போகிற இடத்தில் எல்லாம் அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "காபி குடிச்சியா?"

பெனிட்டா ஊசிகளை அப்படியே விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இந்த நேரம்தான் எனக்கு ஆகாத நேரம். நினைப்பு ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் வியாழக்கிழமை சமையல்கட்டில் முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன், ஒரு சொளகு வெங்காயம், உரித்து முடித்துத் தோலைக் கூட்டி எழுந்த பிறகுதான் பார்த்தேன், ட்யூப் ஹாலில் கிடக்கிறது. ட்யூப் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர், வெங்காயம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் நம்பிவிடுவார், அதன்பிறகு அது திரும்பி வந்தால் என்ன செய்வது, அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது. மறுநாள் வேண்டுமென்றே உட்கார்ந்து பார்த்தேன், வலித்தது, ஒன்பது இல்லை, ஆனால் வலித்தது. அப்படியானால் வெங்காயத்தன்று என்ன நடந்தது. நிஜமாகவே தளர்ந்ததா, தளரும் தளரும் என்று காத்திருந்த மனசு செய்த வேலையா. பொய் ஊசியாக இருந்து, வலியும் குறைந்திருந்தால், அந்த டாக்டர்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிடுமா, இத்தனை வருஷம் எனக்கு மனசில்தான் வலித்துக்கொண்டிருந்ததா. அந்த நினைப்பு ஊசியைவிட மோசம். பெனிட்டாவிடம் இரண்டாவது வாரமே கேட்டேன், அவள், "எந்த ஊசியா இருந்தாலும் உங்க வலி நிஜம் டீச்சர், அதுல சந்தேகமே இல்ல" என்றாள். அன்றைக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆசிரியை என்ற கெத்தில் தலையை மட்டும் ஆட்டினேன். ஸ்டாஃப் ரூமில் ஒருவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா என்பார், எந்தப் பெண்ணைப் பற்றிய எந்தச் செய்திக்கும் அவருக்கு அந்த ஒரு பழமொழிதான். சார், என் கதை அதற்கு நேர் எதிர். இடம் கொடுக்க ஆசை ஆசையாக இருந்தும் உடம்பு கதவைச் சாத்திக்கொண்ட கதை. எனக்கு அவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டும். வயதாகிவிட்டது, தலை நரைத்துவிட்டது, ஒர்க்‌ஷாப் எண்ணெய் வாசனைகூட முன்போல இல்லை, ஆனாலும் வேண்டும். இதற்குத்தான் இங்கே வந்து படுத்திருக்கிறேன். இது பலிக்காவிட்டால் இனி எந்த டாக்டர் வாசலையும் மிதிப்பதில்லை, ட்யூப்போடு கிடந்துவிடுவது என்று சாமி முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெளியே அவர் நிற்கிறார். ஒவ்வொரு வாரமும் நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவேன், அவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் வருவார், கண்டக்டர் ஒருவர் கேட்டேவிட்டார், "யம்மா, யாரோ ஒரு பெருசு உங்களையே பார்த்துக்கிட்டுப் பின்னாடியே வருது." என் வீட்டுக்காரர்தான் என்றேன். பஸ்ஸே சிரித்தது. பின் கண்ணாடி வழியாக நானும் அவரைப் பார்த்துக்கொண்டேதான் வருவேன், காலியாக இருக்கிற அந்தப் பின் சீட்டையும்.

"அவ்வளவுதான் டீச்சர், முடிஞ்சுது" என்று ஊசிகளை எடுக்கிறாள். முடிந்தது. எழுந்து உட்காரும்போது ஆணி கண்ணுக்கு நேராக வருகிறது, இனி உன்னைப் பார்க்க வரமாட்டேன் என்று அதனிடம் சொல்லிக்கொண்டேன், பைத்தியக்காரிதான். கேன்டீனில் நின்றபடி காபி குடித்தேன், சர்க்கரை தூக்கல், பரவாயில்லை. அடுத்த அறையில் டாக்டர் சுபாஷிணி, அதே கட்டில், அதே விளக்கு, அதே பஞ்சுக் குச்சி. "ரெடியா டீச்சர்?" வாய் ஏற்கெனவே தயாராகிவிட்டது, எனக்குத் தெரியும், அது இரண்டு என்று சொல்லப்போகிறது, ஒன்று என்றுகூடச் சொல்லும். பாவம் இந்தப் பெண்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்களே, வெயிலில் அவர் நிற்கிறாரே, எல்லோரும் சந்தோஷமாகப் போகட்டுமே என்று. முப்பத்திரண்டு எடுத்தவனுக்கு மூன்று மார்க் கூட்டிப் போட்டுத் தேற்றுகிற கை இது. ஆனால் அப்படித் தேறியவன் அடுத்த வகுப்பில் படுகிற பாட்டையும் பார்த்தவள்தானே நான். பன்னிரண்டு மணி. ஒன்றுமில்லை, ஒன்று என்றேன். மூன்று மணி, இரண்டு. ஒன்பது மணி, இரண்டு. ஆறு மணிக்கு முன்னால் அவர் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார், நான் மேற்கூரையைப் பார்த்தேன், இங்கே ஆணி இல்லை. தொட்டார். எரிந்தது. காய்ந்த கரண்டி இல்லை. கரண்டியின் காம்பு என்று சொல்லலாம், சூடுதான், ஆனால் கையில் பிடிக்கிற சூடு. கண்ணில் தண்ணீர் வரவில்லை, வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "எவ்வளவு?" வாயில் பரவாயில்லையின் ப வந்துவிட்டது, உதடு சேர்ந்துவிட்டது. விழுங்கினேன். "நாலு" என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?" "நாலுதான் டாக்டர். ரெண்டுன்னு சொல்ல ஆசைதான். ஆனா நாலு." அவர் எழுதிக்கொண்டார். "கடைசியா ஒரு கேள்வி. உங்களுக்குப் போட்டது நிஜ ஊசின்னு நினைக்கிறீங்களா, பொய் ஊசியா?" இத்தனை நாளும் ராவும் பகலும் நினைத்த விஷயம், கேட்டதும் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. "நிஜம்னு சொல்லணும்போல இருக்கு." "ஆசைய எழுத முடியாது டீச்சர். நிஜம், பொய், தெரியல, மூணுல ஒண்ணு." "அப்ப தெரியலன்னு போடுங்க" என்றேன். பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்கு வருகிற பசி எனக்கு வந்தது.

வெளியே மதில் ஓரம் வேப்ப நிழலில் வண்டியைச் சாய்த்துக்கொண்டு நின்றார் திருஞானம், வண்டி அதே கறுப்பு ஸ்ப்ளெண்டர்தான், இன்ஜினைக் கழற்றி மாட்டியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார், ட்யூப் இருக்கிற பை ஹேண்டில்பாரில் தொங்குகிறது. "காபி குடிச்சியா?" "குடிச்சேன்." "வா, பஸ் வந்துரும்." "பஸ் போகட்டும்." அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், "ட்யூப்ப வைக்கவா?" என்றார். "அது அங்கயே தொங்கட்டும், நீங்க வண்டிய எடுங்க." எடுத்தார். ஒரு பக்கமாகத்தான் ஏறினேன், ஒரு தொடையில் பாரத்தை வாங்கிக்கொண்டு, அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. முட்டையை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி ஓட்டினார், வேகத்தடை வந்தால் காலை ஊன்றி வண்டியைத் தள்ளாத குறை, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து வைதுவிட்டுப் போனார்கள். சட்டையில் சோப்பு வாசனை மட்டும் இருந்தது. மூக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனேன், எண்ணெயும் இருந்தது, கொஞ்சம். ஜங்ஷன் தாண்டியாயிற்று, மேம்பாலம் தாண்டியாயிற்று, சொல்லத்தான் வேண்டும், எப்படிச் சொல்வது, மகளுக்குத் தெரிந்தால் சிரிப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டே வருகிறேன், வண்டி ஓரம் கட்டி நிற்கிறது. ஜி கார்னர். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. அவர் இறங்கினார், முட்டி வலியோடு மெதுவாகக் குனிந்து, பின் டயரைக் கட்டை விரலால் அமுக்கினார். "காத்து கம்மியா இருக்கு போல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அத்தை இல்லை, தெருவில் பார்க்கிறவர்களும் இல்லை, யாருக்குப் பயந்து இந்த நாடகம். ஊரைவிட்டுப் போகும்போதுதான் இங்கே காலை மாற்றிப் போடுவேன், திரும்பும்போது ஒரு பக்கமாகிவிடுவேன், இன்றைக்கு எல்லாம் தலைகீழ். நான் இறங்கி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்தேன். அவர் ஏறி வண்டியை இரண்டு காலாலும் ஊன்றிப் பிடித்துக்கொண்டார். தோளைப் பிடித்து, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன், மெதுவாக, மிக மெதுவாக உட்கார்ந்தேன். முன்னால் பொன்மலைக்குப் போகிற ரோடு. அவர் வண்டியைக் கிளப்பவில்லை, திரும்பாமலே கேட்டார், எத்தனையோ வருஷம் கழித்து, அந்தப் பழைய குரலில், "வலிக்குதா?"

"வலிக்குது" என்றேன். "நீங்க போங்க."